ஒன்பது படங்களில் மூன்று

செப்டம்பர் 2, திங்கள்

ஜெனிலா, நீ கேட்டபடி இன்றைக்கு ஆரம்பித்துவிட்டேன். போன் பூட்டைத் திறக்கும்போது என்ன நடந்தது, தப்புப் போட்டேனா, எரிச்சல் வந்ததா, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, எல்லாவற்றையும் எழுதச் சொன்னாய். வீட்டு விஷயம் உன் ஆராய்ச்சிக்கு எதற்கு என்று கேட்டேன். "யாரும் சும்மா உக்காந்துகிட்டு போனைத் திறக்கிறது இல்ல ஆன்ட்டி, அடுப்புல பாலை வச்சுக்கிட்டுதான் திறக்கிறாங்க" என்றாய். அந்தப் பேச்சு பிடித்துப்போய்த்தான் ஒப்புக்கொண்டேன்.

உன் பேராசிரியரும் படிப்பார் என்றாயே, அவருக்காகச் சொல்கிறேன். என் பெயர் ராஜகனி. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில், எங்கள் ஊரில் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர், பெட்டி போடும் பிரிவை மேற்பார்வை பார்க்கிறேன். என் வாய் கொஞ்சம் நீளம். எழுத்தும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டைப் பற்றி எனக்குப் புரிந்தது இது. நான் மூன்று போட்டோ கொடுக்க வேண்டும். மனிதர் முகம் இருக்கக் கூடாது. போன் அவற்றைத் தண்ணீரில் கரைத்த சாயம் மாதிரி கலக்கிவிடும். திறக்கும்போது ஒன்பது கலங்கிய படங்கள் வரும். அதில் என்னுடைய மூன்றைத் தொட்டால் திறக்கும். ஒவ்வொரு தடவையும் இடம் மாறும், மற்ற ஆறும் மாறும். அசலைப் பார்த்தவருக்குத்தான் கலங்கலில் அது தெரியும், மற்றவருக்கு வெறும் சாயம். எண்ணை மறக்கிற மனிதர்கூடப் பார்த்ததை மறப்பதில்லை என்றாய். பார்ப்போம்.

என் தையல் மெஷின், தூத்துக்குடியில் அக்கா வீட்டு நீலக் கதவு, என் டிபன் கேரியர். இந்த மூன்றையும் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

போன் திறந்தது. பால் பொங்கிவிட்டது.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று இரண்டு தடவை தப்பு. டிபன் கேரியர் என்று நினைத்து யாருடைய தண்ணீர்த் தொட்டியையோ தொட்டேன்.

உன் கேள்வித்தாளில் 'வீட்டில் வேறு யார் உங்கள் போனை எடுப்பார்கள்' என்று இருந்தது. 'யாரும் இல்லை' என்று போட்டிருந்தேன். பிள்ளைகள் கிடையாது, நானும் அவரும்தான். அவர் போன் பக்கம் போவதில்லை. அதிகம் பேசுவதும் இல்லை.

இப்படி எழுதிவிட்டால் ஏதோ கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாய். அப்படியில்லை. அவர் பெயர் சீனிராஜ். அரசு டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பொங்கல் முடிந்த வாரம் வாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாவற்றையும் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. இப்போது கம்பை ஊன்றி பாத்ரூம் வரை போய்வருகிறார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. எவ்வளவு புரிகிறது, யாரைத் தெரிகிறது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

தலையாட்டுவார். அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை. சாப்பிட்டீர்களா என்றாலும் ஆட்டுவார், நீங்கள்தான் கலெக்டரா என்றாலும் ஆட்டுவார். அதனால் அவருடைய பழைய விசிலைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுவிட்டேன். முதலில் காற்றுதான் வந்தது, இப்போது சத்தம் வருகிறது. ஒன்று ஊதினாலும் இரண்டு ஊதினாலும் எனக்கு ஒன்றுதான், ஓடிப்போய்ப் பார்ப்பேன். பல நேரம் ஒன்றும் இருக்காது.

ஒருநாள் நான் யார் என்று கேட்டேன். தலையாட்டினார். பொன்னுத்தாயா என்றேன். அதற்கும் ஆட்டினார். பொன்னுத்தாய் அவருடைய தங்கச்சி. அதற்கப்புறம் நான் கேட்பதில்லை. வேலைக்குப் போகிறவளுக்கு இதற்கெல்லாம் வருத்தப்பட நேரம் ஏது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பொன்னுத்தாய் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நான் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் அவள்தான் அண்ணனைப் பார்த்துக்கொள்கிறாள். மதியம் கறிக்குழம்போடு வந்தாள். கறிக்குழம்போடு வந்தால் பின்னாலேயே ஏதோ விஷயம் வருகிறது என்று அர்த்தம்.

திருப்பூரில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறாளாம். அக்டோபர் பிறந்ததும் பயணம். அண்ணனையும் அழைத்துப்போகிறேன் என்கிறாள். கீழ்ப் போர்ஷன் காலியாக இருக்கிறதாம், படி ஏற வேண்டாம், அவளும் மருமகளும் பகலெல்லாம் வீட்டில்தான். நான் வேலையை விட முடியாது. வீட்டில் அவரைத் தனியாகவும் விட முடியாது, விழுந்தால்கூட யாரையும் கூப்பிடத் தெரியாது. அவள் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக ஒன்று சொன்னாள்.

"யாரு பக்கத்துல இருக்கான்னு அண்ணனுக்குத் தெரியவா போகுது மதினி? தெரிஞ்சா நானே கேக்க மாட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். குழம்பில் உப்பு கூடிவிட்டது.

செப்டம்பர் 12, வியாழன்

ஈரக் கையோடு தொட்டால் போன் கேட்பதில்லை. இதை யாராவது ஆராய்ச்சி செய்யக் கூடாதா?

செப்டம்பர் 16, திங்கள்

சாயங்காலம் நீ போன் பண்ணினாய். பேசியதை இங்கே எழுதிவைக்கிறேன், மறந்துவிடக் கூடாது.

தினமும் காலை பதினொரு மணிவாக்கில் என் போன் திறக்கப்படுவதாக உன் கம்ப்யூட்டரில் பதிவாகிறதாம். அந்த நேரத்தில் நான் ஆபீசில் இருப்பேன். எங்கள் கேட்டைத் தாண்டி எவருடைய போனும் உள்ளே போகாது, ஒரு பொறி போதும் ஊரே போய்விடும். அதனால் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் போகிறேன்.

"கை வேற ஆன்ட்டி. நீங்க படபடன்னு தட்டுவீங்க. இந்தக் கை ஒவ்வொரு படத்துக்கும் ரொம்ப நேரம் எடுத்துக்குது. ஆனா தப்பே போடல" என்றாய். யாரோ என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பழகியிருக்க வேண்டும் என்றாய். உனக்குப் பெரிய கவலை. உன் பூட்டு தோற்றுவிட்டால் ஆராய்ச்சியும் தோற்றுவிடுமே.

பதினொரு மணிக்கு என் வீட்டில் இருப்பது யார்? பொன்னுத்தாய்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நான் யாரையும் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது தூத்துக்குடி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு பண்ணி அனுப்புவேன். அதில் பொன்னுத்தாயைப் பற்றியும் நாலு வார்த்தை இருக்கும். அவரைப் பற்றி நாற்பது இருக்கும். வேறு யாரிடம் போய்ப் புலம்ப? அதையெல்லாம் ஒருத்தி உட்கார்ந்து கேட்கிறாள் என்றால் வயிறு எரியாதா?

செப்டம்பர் 22, ஞாயிறு

படங்களை மாற்றிவிட்டேன். ஒருவரும் பார்க்காதபடி மொட்டைமாடியில் உட்கார்ந்து மாற்றினேன். தையல் மெஷினும் கேரியரும் பொன்னுத்தாய்க்குத் தெரிந்த சாமான்கள், ஊகித்திருப்பாள். இந்தத் தடவை அவளுக்குத் தெரியாதவையாகப் பார்த்து எடுத்தேன். ஆல்பத்திலிருந்து இரண்டை போனிலேயே படம் பிடித்தேன்.

முதலாவது, புளியமர ஸ்டாப். கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கேதான் ஆபீசுக்கு டவுன் பஸ் ஏறுவேன். அவர் அதில் கண்டக்டர். நான் என்றைக்கும் லேட். எங்கள் சந்திலிருந்து ஓடிவருவேன். தூரத்தில் என் மஞ்சள் தாவணி தெரிந்தால் ஒரு விசில் கொடுத்து வண்டியை நிறுத்திவைத்துவிடுவார். டிரைவர் திட்டுவார், பஸ்ஸில் பாதிப் பேர் திட்டுவார்கள். நான் ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகுதான் இரண்டு விசில், வண்டி கிளம்பும். என்னிடம் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுப்பார். கடைசியில் அந்த டிரைவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்து, "இவளைக் கட்டிக்கொடுத்திருங்க, என் வண்டியாவது டயத்துக்குப் போகும்" என்று அப்பாவிடம் சொன்னார்.

இரண்டாவது, அவருடைய கண்டக்டர் தோல் பை. அலமாரிக்கு மேலே இருந்ததை இறக்கித் துடைத்துப் படம் எடுத்தேன்.

மூன்றாவது, தூத்துக்குடி உப்புக் குவியல். கல்யாணமான மறுவாரம் அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது எடுத்தது. படத்தில் வெறும் வெள்ளை மேடு, அதற்கு மேல் நீல வானம். அதை யாரும் ஒரு படம் என்றே சொல்ல மாட்டார்கள்.

இந்த மூன்றும் எனக்கு முக்கியம் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவருக்கு இப்போது தெரியாது.

செப்டம்பர் 24, செவ்வாய்

நேற்றும் திறந்திருக்கிறது. இன்றும். நீ போன் பண்ணிச் சொன்னாய். நேற்று அந்தக் கை முதல் தடவை வெகுநேரம் எடுத்ததாம். ஒரு தப்புப் போட்டு, இரண்டாம் தடவை சரியாகத் தொட்டதாம்.

பொன்னுத்தாயிடம் கேட்டேவிட்டேன். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன், ஆனாலும் கேட்டது கேட்டதுதானே. அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

"உங்க போனை நான் எதுக்கு மதினி தொடப்போறேன்? அந்தக் கலங்கின படத்தைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்துது. பதினோரு மணிக்கு அண்ணனுக்குக் கஞ்சி கொடுத்துட்டு நான் பின்னால துணி தொவைக்கப் போயிருவேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

செப்டம்பர் 25, புதன்

எரிச்சல் எவ்வளவு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும் என்று கேட்டிருக்கிறாய். ஆறு.

செப்டம்பர் 26, வியாழன்

பொன்னுத்தாயிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை கார் வருகிறது. வேலையை விட்டால் மருந்துக்கு எங்கே போவேன், அவரைத் தனியே விட்டுவிட்டுப் போனால் பகலெல்லாம் என் உயிர் என்னிடம் இருக்காது. அங்கே என்றால் வேளாவேளைக்கு எல்லாம் நடக்கும்.

அக்காவுக்குப் பேசி அனுப்பினேன். பாதியில் நிறுத்திவிட்டேன், காற்றில் துணி பறந்தது. அவருடைய சட்டைகளை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தேன். நன்றாக மடித்திருக்கிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஜெனிலா. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கெல்லாம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி மின்னல் என்றால் எங்களுக்கு வேலை கிடையாது, உடனே வெளியே அனுப்பிவிடுவார்கள். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே யாரோ பேசுகிற சத்தம். கேட்டால் என் குரல்.

"யக்கா, நான் சரின்னு சொல்லிட்டேன். அவருக்கு நான் யாரு, பொன்னுத்தாய் யாரு? யாரு சோறு ஊட்டினாலும் வாயத் தொறக்காரு. திருப்பூர்ல இருந்தாலும் இங்க இருந்தாலும் அவருக்கு ஒண்ணுதான்."

அந்த இடத்தில் ஒரு விசில். அப்புறம் அமைதி. மறுபடி முதலிலிருந்து, "யக்கா, நான் சரின்னு சொல்லிட்டேன்." மறுபடி 'ஒண்ணுதான்' வந்ததும் ஒரு விசில். நான் ஈரச் சேலையோடு அப்படியே நின்றேன். மூன்றாம் தடவையும் அதே இடத்தில் விசில்.

எட்டிப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் தலையணை, அதன் மேல் என் போன். இடது கட்டைவிரல் அதன்மேல். வாயில் விசில். பின்பக்கம் பொன்னுத்தாய் கொடியிலிருந்து துணியை அள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒரு விசில் என்றால் நிறுத்து. பதினெட்டு வயதில் அந்த ஒரு விசிலுக்காக மூச்சிரைக்க ஓடினவள் நான். எட்டு மாதமாக அவர் கழுத்தில் அதைக் கட்டிவிட்டு, ஒன்றானாலும் இரண்டானாலும் எனக்கு ஒன்றுதான் என்று இருந்திருக்கிறேன். என்னைப் போல ஒரு மக்கு உண்டா?

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் போனை ஒளித்துவைக்கப் பார்த்தார், திருட்டுப் பால் குடித்த பூனை மாதிரி.

"என்னங்க, திருப்பூர் போறீங்களா?" என்றேன். தலை ஆடியது, வழக்கம்போல. ஆனால் விசில் ஒன்று.

"இங்கயே இருக்கீங்களா?"

இரண்டு.

நம்பலாமா என்று எனக்குப் பயம். அதனால் பழைய கேள்வியைக் கேட்டேன். "நீங்கதான் கலெக்டரா?" தலை நன்றாக ஆடியது. விசில் ஒன்றுதான் வந்தது. என்னை ஒரு மாதிரி பார்த்தார், கிறுக்கச்சியைப் பார்க்கிற மாதிரி.

"நான் பொன்னுத்தாயா?"

ஒன்று.

அடுத்த கேள்வி வாயில் வர நேரமாயிற்று. "நான் ராஜகனியா?"

இரண்டு விசில். ஊதிவிட்டு நிறுத்தவில்லை. மறுபடி இரண்டு, மறுபடி இரண்டு. பொன்னுத்தாய் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள், நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தேன். மழைத் தண்ணீர் என்று அவளிடம் சொன்னேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஆராய்ச்சி அல்லவா.

செப்டம்பர் 28, சனி

லீவு போட்டேன். சீசன் நேரத்தில் லீவா என்று மேனேஜர் கேட்டதற்கு ஆமாம் என்றேன்.

போனைப் பூட்டி அவர் கையில் கொடுத்து, திறக்கச் சொல்லி உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது கலங்கலும் வந்தன. உப்புக் குவியலை உடனே தொட்டார். பையைத் தொட்டார். புளியமரத்துக்குத்தான் நேரம் எடுத்தார். தேடினதாகத் தெரியவில்லை. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தொட்டார். தோளுக்குப் பின்னால் நின்று யாரும் பார்த்துப் பழகவில்லை, ஜெனிலா. நான் எதையெல்லாம் எடுத்துவைப்பேன் என்று அந்த மனிதருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

திறந்ததும் நேரே வாட்ஸ்அப், அக்கா, என் குரல். தினமும் பதினொரு மணிக்கு அவர் செய்த வேலை இதுதான். நான் வேலையில் இருக்கிற நேரத்தில் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதில் முக்கால்வாசி அவரைத் திட்டினது. அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் பொன்னுத்தாய் வீட்டுக்கு மீன்குழம்போடு போனேன். எதற்கு வந்திருக்கிறேன் என்று குழம்பைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். சந்தேகப்பட்டது தப்பு என்று சொல்லிவிட்டேன். "அதை விடுங்க மதினி, அண்ணன் என்னைத் தெரியும்னு ஊதுனாரா?" என்றுதான் கேட்டாள். கூட்டிவந்து கேட்கவைத்தேன். இரண்டு விசில் வந்தது. அவளும் அழுதாள். பிறகு அவளே சொன்னாள், "அப்ப அண்ணன் இங்கதான் இருக்கணும்."

பகலில் தனியாக இருக்கிறவர் யாரையாவது கூப்பிடுவது எப்படி என்று மூன்று பேரும் யோசித்தோம். இரண்டு பேர் யோசித்தோம், அவர் விசிலை உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் உறைத்தது. பூட்டைத் திறக்கிறவருக்கு ஒரு நம்பரை அழுத்தவா தெரியாது? எங்கள் ஆபீஸ் நம்பரை ஒரு பஸ் படத்தோடு போனின் முகப்பில் வைத்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

இன்று நேரில் வந்தாய். அவர் திறப்பதை நீயும் பார்த்தாய். பூட்டி இன்னொரு தடவை திறக்கச் சொன்னாய்.

கடைசிக் கேள்வித்தாளில் 'உங்களைத் தவிர வேறு எவராவது இந்தப் பூட்டைத் திறக்க முடியுமா' என்று இருந்தது. 'முடியும்' என்று எழுதினேன். அப்படி எழுதினால் என் போன் தோல்விக் கணக்கில் போய்விடும் என்றாய். போகட்டும் என்றேன். வேறு ஏதாவது குறிப்பு எழுத இடம் விட்டிருந்தாய். 'இந்தப் பூட்டை மாற்ற வேண்டாம்' என்று எழுதியிருக்கிறேன். உன் பேராசிரியர் திட்டினால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அக்டோபர் 4, வெள்ளி

உன் ஆராய்ச்சி முடிந்துவிட்டது, இனி எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

பொன்னுத்தாய் நேற்று திருப்பூர் போய்விட்டாள். இன்று முதல் நாள், அவர் வீட்டில் தனியே. எதிர் வீட்டு ஞானம்மாள் பதினொன்றரைக்குக் கஞ்சி கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள். காலையிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. லேபிளைத் தலைகீழாக ஒட்டியிருந்த பெட்டிகளை என் பிரிவுப் பெண்கள் சிரித்துக்கொண்டே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒட்டியது நான்தான்.

பதினொரு மணிக்குக் கேட் அறையிலிருந்து கேஷியர் கூப்பிட்டார். "யாருன்னே தெரியலம்மா, மூச்சு மட்டும் கேக்குது" என்று ரிசீவரை நீட்டினார்.

"என்னங்க?" என்றேன்.

இரண்டு விசில்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

இரண்டு விசில். கேஷியர் காதைப் பொத்திக்கொண்டார்.

மழை வரும்போல இருக்கிறது, ஜன்னல் பக்கம் உட்கார வேண்டாம் என்றேன். சாயங்காலம் மீன் வாங்கிவருகிறேன் என்றேன். அப்புறம் சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே வேலை கிடக்கிறது, கேஷியர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சரி, வைக்கட்டுமா?"

ஒரு விசில்.

நான் வைக்கவில்லை. ரிசீவரைக் காதில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார், கேஷியர் கையை விரித்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். பிறகு இரண்டு விசில் வந்தது. வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.